நகர நிழலும் நம் இலக்கியமும்

தமிழ் நாளிதழ்களின் ஞாயிறு மலர்களைத் தொடர்ந்து படித்து வருவோர் ஒன்றைக் கண்டிருப்பர். கதையின் முடிவில் ஆசிரியர் பெயர் இருக்கும். அதனையடுத்து அவர்தம் ஊர்ப்பெயர் இருக்கும். காம்பார், தாப்பா, பீடோர், கோப்பேங், சுங்கை சிப்புட் எனப் பேராக் மாநிலத்துச் சிற்றூர்கள் பலவும் இவ்வாறு அச்சேறியுள்ளன. ஆனால், கதைக்குள் புகுந்து தேடினால் அவ்வூர் பல சமயம் அகப்படுவதில்லை. கதைத் தலைவன் ஈப்போவுக்குப் போவான். அல்லது கோலாலம்பூரிலிருந்து திரும்பி வருவான். அவன் பிறந்து வளர்ந்த இடமோ 'தோட்டம்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். எந்தத் தோட்டம், எந்த ஆற்றங்கரை, எந்த மலையடிவாரம் என்று கேட்டால் விடை இராது. ஆசிரியரின் பெயரோடு ஒட்டி நின்ற ஊர், அவர்தம் எழுத்தோடு ஒட்டாமற் போவது ஏன்?

நிழல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு முகங்கள் உண்டு. வெயிலில் நடந்து வந்தவனுக்கு நிழல் தஞ்சம். மன்னனின் குடைநிழலில் குடிகள் இனிது வாழ்ந்தனர் என்று பழைய நூல்கள் பாராட்டும். உழவனைக் கேட்டாலோ வேறு சொல்வான். பெருமரத்தின் நிழல் விழும் வயலோரத்தில் பயிர் செழிக்காது என்பது அவன் பட்டறிவு. பெருநகரின் அருகே வாழும் சிற்றூருக்கு இவ்விரு நிழல்களும் ஒருங்கே வாய்க்கின்றன. எது தஞ்சம், எது தடை என்று பிரித்தறிவது அவ்வூரில் வாழ்ந்து எழுதுவோர் கடமை.

காம்பாரையே எடுத்துக்கொள்வோம். ஈப்போவிற்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இவ்வூர். கிழக்கே புஜாங் மலாக்கா மலை. மேற்கே ஈயம் தோண்டிய பள்ளங்கள் நீர் நிறைந்து குட்டைகளாய்க் கிடக்கும் சமவெளி. நெடுங்காலம் கிந்தா மாவட்டத்தின் ஒரு பகுதியாய் இருந்து, 2009-ஆம் ஆண்டிலேதான் தனி மாவட்டம் ஆயிற்று. 2007-ஆம் ஆண்டில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் வளாகம் இங்கே செயற்படத் தொடங்கிய பின்னர், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்கின்றனர். இத்தனையும் இருந்தும், "எந்த ஊர்?" என்று வெளியூரார் கேட்டால், "ஈப்போ பக்கம்" என்று சொல்லும் வழக்கம் மறையவில்லை. கேட்பவருக்கு எளிதில் விளங்கட்டும் என்று சொல்லத் தொடங்கிய விடை, நாளடைவில் சொல்பவரின் எண்ணமாகவே ஆகிவிடுகிறது.

ஈப்போ மட்டும் நிழலில்லா நகரமா? அதுவும் அன்று. பேராக்கின் தலைநகராய் முன்பு விளங்கியது தைப்பிங். 1937-ஆம் ஆண்டில் அப்பெருமை ஈப்போவுக்கு வந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமே ஈப்போவை உயர்த்தியது. 1985-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈயவிலை சரிந்தபோது அவ்வுயர்வுக்கு அடிப்படையாய் இருந்த தொழிலும் சரிந்தது. 1988-ஆம் ஆண்டில் ஈப்போ மாநகரத் தகுதி பெற்றது. ஆயினும் வேலை தேடிய இளைஞர்கள் கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் நோக்கியே சென்றனர். தோட்டத்தின்மேல் காம்பாரும், காம்பாரின்மேல் ஈப்போவும், ஈப்போவின்மேல் கோலாலம்பூரும் நிழல் விரிக்கின்றன. இந்தப் படிவரிசையை அறியாமல் 'நகரம்', 'தோட்டம்' என்று இரண்டே கட்டங்களாக நாட்டைப் பிரித்து எழுதும் கதை, வாழ்க்கையைப் பாதிதான் கண்ட கதையாகும்.

தஞ்சமாகிய நிழல்

நகரம் நம் இலக்கியத்திற்குச் செய்த நன்மையை மறப்பது நன்றியன்று. 'தமிழ் நேசன்' 1924-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றி, 2019-ஆம் ஆண்டில் நின்றது. 'தமிழ் முரசு' 1935-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றியது. இரண்டும் நகர இதழ்கள். தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் எழுதிய கதை, அஞ்சலில் நகரம் சென்று, அச்சாகித் திரும்பி வந்தபோதுதான் எழுதியவர் எழுத்தாளர் ஆனார். 1950-ஆம் ஆண்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' வாயிலாக நடத்திய 'கதை வகுப்பு', பயிற்சி ஏதுமின்றி எழுத வந்தவர்களுக்கு ஒரு பள்ளியாகவே அமைந்தது. பின்னர் 1952 முதல் 1957 வரை அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்த கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டக் கூட்டங்கள் வாயிலாக இந்நாட்டு எழுத்தாளர்களின் படைப்புகளை ஆய்ந்து நெறிப்படுத்தினார். இந்த நிழல் இல்லையேல் மலேசியத் தமிழ்ச் சிறுகதை இவ்வளவு விரைவில் வேர் பிடித்திராது.

ஆனால், தஞ்சம் தந்த நிழலே ஒரு பழக்கத்தையும் தந்தது. கதையைத் தேர்ந்தெடுப்போர் நகரில் இருந்தனர். பரிசளிப்போரும் நகரில் இருந்தனர். எங்கிருந்து படித்தாலும் விளங்கும் கதை வேண்டும் என்ற எண்ணம் எழுதுவோர் நெஞ்சில் இடம்பெற்றது. எங்கும் விளங்க வேண்டுமாயின் எந்த ஊராகவும் இருக்கலாகாது என்ற தவறான முடிவு அதனின்றும் பிறந்தது. அதனால் ஓர் அச்சு உருவாயிற்று. தோட்டம் என்றால் துன்பம். அல்லது, விட்டு வந்த பிறகு நினைத்து ஏங்கும் இன்பம். நகரம் என்றால் உய்வு. அல்லது ஒழுக்கக் கேடு. இவ்விரண்டுக்கும் நடுவே, வாரச்சந்தையும் பேருந்து நிலையமும் அடகுக்கடையும் மாரியம்மன் கோயிலும் கொண்ட காம்பார் போன்ற ஊருக்கு இடமில்லை. அங்கே கதைமாந்தர் பேருந்து மாறுவர், வாழ்வதில்லை.

பெயரும் பொருளும்

இங்கே ஒரு தடை எழலாம். 'சங்கத்து அகப்பாடல்களில் தலைவன் பெயரும் தலைவி பெயரும் வருவதில்லையே. பெயர் சுட்டாமை அங்கே விதியாயிற்றே. ஊர்ப்பெயர் இல்லாமை மட்டும் எவ்வாறு குறையாகும்?' என்பது அத்தடை. கேட்கத்தக்க வினாவே. ஆனால், அகப்பாடல் தலைவனின் பெயரை மறைத்ததேயன்றி, நிலத்தை மறைக்கவில்லை. தொல்காப்பியர் வகுத்த முப்பொருளுள் நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வமும் உணவும் விலங்கும் மரமும் பறவையும் பறையும் தொழிலும் கருப்பொருள். குறிஞ்சிப் பாடலைப் படிப்பவன், யார் காதலித்தார் என்று அறியான். ஆனால் எந்த மரத்தடியில், எந்தப் பூ மலரும் பருவத்தில், எந்தப் புனம் காத்தபோது என்பதை ஐயமின்றி அறிவான். நம் கதைகளிலோ தலைவனுக்குப் பெயர் உண்டு. அவன் நின்ற நிலத்திற்குப் பெயரும் இல்லை, கருப்பொருளும் இல்லை. அக மரபைப் பின்பற்றுவதாகச் சொல்லி அதனைத் தலைகீழாக்கிவிட்டோம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. சங்கப் புலவர் பலர் தம் சிற்றூரைப் பெயரில் தாங்கியே நம்மை அடைந்தனர். ஒக்கூர் மாசாத்தியார், ஆலங்குடி வங்கனார், பிசிராந்தையார் என்னும் பெயர்களால் அச்சிறிய ஊர்கள் ஈராயிரம் ஆண்டளவாய் நிலைத்துள்ளன. பாண்டியர் தலைநகரைப் பற்றிய பெரும்பாட்டாகிய மதுரைக்காஞ்சியைப் பாடியவர் யார்? மாங்குடி மருதனார். மதுரையின் பெருமையைப் பாட வந்தவர், மாங்குடியைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. பெருநகரைப் பாடுவது சிற்றூரை மறப்பதாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கரிசல் காட்டும் வழி

கோலாலம்பூரில் நம் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டிய கு. அழகிரிசாமி, கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அதே ஊரில் அதே 1923-ஆம் ஆண்டில் பிறந்து, அவருடன் வளர்ந்த நண்பர் கி. ராஜநாராயணன். அழகிரிசாமி சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் சென்றார். ராஜநாராயணனோ வாழ்நாளின் பெரும்பகுதியை இடைசெவலிலேயே கழித்தார். இருவரும் பெரும் படைப்பாளிகள். ஊரைவிட்டுப் போனவர் தாழ்ந்தவர், இருந்தவர் உயர்ந்தவர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இடைசெவலில் இருந்தவர் ஒன்றைச் செய்து காட்டினார். மழை பொய்க்கும் கரிசல் மண்ணையும், அதன் பயிர்களையும் ஆடுமாடுகளையும் பேச்சையும் சிரிப்பையும் கதையாக்கினார். அவ்வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். கோவில்பட்டி எவ்வளவு தொலைவு, சென்னை எவ்வளவு தொலைவு என்ற அளவீடே அக்கதைகளுக்குத் தேவைப்படவில்லை. இடைசெவலே அங்கு நடு, ஏனையவை தொலைவிடங்கள்.

1976-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோபல்ல கிராமம்' மலேசியத் தமிழர் தனிக் கவனத்துடன் படிக்க வேண்டிய நூல். தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி ஓடிவந்த ஒரு மக்கட் கூட்டம், காட்டைத் திருத்தி, ஊரமைத்து, அம்மண்ணின் மக்களாகவே ஆன வரலாறு அது. கடல் கடந்து வந்து, காட்டை வெட்டி, ரப்பர் நட்டு, லயம் அமைத்து வாழ்ந்த நம் முன்னோர் கதையும் இதன் உடன்பிறப்பே. வந்தேறிய மக்களுக்கு வட்டார இலக்கியம் வாய்க்காது, அது மண்ணின் மூத்த குடிகளுக்கே உரியது என்று எண்ணுவார் உளர். அவ்வெண்ணம் பிழையென்பதற்கு இந்நூலே சான்று. உழைத்துப் பெயரிட்டவனுக்கு நிலம் உரியதாகிறது.

இலங்கை மலையகமும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. அங்குள்ள தேயிலைத் தோட்டத் தமிழரின் வாழ்வை எழுதிய ஜோசப், தாம் பணிபுரிந்த தெளிவத்தை என்னும் தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்டார். 2022-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தமிழிலக்கியம் உள்ளளவும் அத்தோட்டத்தின் பெயர் மறையாது. ஒக்கூரும் ஆலங்குடியும் பெற்ற பேற்றினை ஒரு தேயிலைத் தோட்டம் பெற்றது. அப்பேறு நம் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஏன் வாய்க்கவில்லை?

கிந்தாவின் குரல்

கிந்தாப் பள்ளத்தாக்கு எழுத்துக்கு உதவாத நிலம் என்று எவரும் சொல்ல முடியாது. கோப்பேங்கிற்கு அருகிலுள்ள கோத்தா பாரு என்னும் சிற்றூரில் 1951-ஆம் ஆண்டில் பிறந்த ஓவியர் லாட், 1979-ஆம் ஆண்டில் தம் இளமையைச் சித்திர நூலாக்கினார். 'கம்பத்துச் சிறுவன்' என்று தமிழில் சொல்லத்தக்க அந்நூல் உலகின் பல நாடுகளில் படிக்கப்படுகிறது. ரப்பர் மரமும், ஈயம் தோண்டும் கப்பலும், மண் அலசி ஈயம் தேடும் சிறுவர்களும் அதில் உள்ளனர். இறுதியில் சிறுவன் ஈப்போவுக்குப் படிக்கப் போகிறான். அவன் போகும் வேளையில் ஊரின் நிலமே ஈயத்துக்காகக் கைமாறக்கூடும் என்ற செய்தி காதில் விழுகிறது. ஈப்போ வாழ்க்கையை அவர் வேறொரு நூலில் தனியே வரைந்தார்.

நம் திறனாய்வுக்கு இந்நூல் முதன்மையானது. நகரத்தின் நிழல் அதிலும் விழுகிறது. ஆனால் அந்நிழல் கடைசிப் பக்கங்களில்தான் விழுகிறது. அதற்கு முன் முழு நூலும் கம்பத்தின் வெயிலில் நடக்கிறது. சிறுவன் எதை இழந்து போகிறான் என்பதைப் படிப்பவர் முன்னரே அறிந்திருப்பதால், அந்தப் பிரிவு நெஞ்சைத் தொடுகிறது. நம் கதைகளில் முதற் பக்கத்திலேயே தலைவன் பேருந்தில் ஏறிவிடுகிறான். அவன் எதை விட்டுச் செல்கிறான் என்று தெரியாத நமக்கு அவன் கண்ணீரும் விளங்குவதில்லை.

தமிழ்ப் புதினத்திற்கு வருவோம். தமிழகத்திலிருந்து இங்கு வந்து சென்ற அகிலன், தோட்டத் தொழிலாளர் துயரை உளமார உணர்ந்து 'பால்மரக் காட்டினிலே' என்னும் புதினத்தை 1977-ஆம் ஆண்டில் அளித்தார். அவர்க்கு நாம் கடப்பாடுடையோம். எனினும், விருந்தினர் கண்ணுக்குத் தோட்டங்கள் யாவும் ஒன்றுபோல் தோன்றுவது இயல்பு. வேறுபாடு காண்பது உடன் வாழ்ந்தோர் கண். அத்தகைய கண் நம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. அ. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை' என்று சிலாங்கூரின் ஆற்றையே தம் புதினத்தின் தலைப்பாக்கினார். கெடாவின் லூனாஸ் வட்டாரம் ம. நவீனின் 'பேய்ச்சி' (2019) வாயிலாகத் தமிழுலகம் அறிந்த நிலமாயிற்று. இந்நூல்களில் உடன்படவும் மாறுபடவும் இடம் உண்டு. ஆயினும் அந்நிலங்கள் இனி வெறும் வரைபடப் பெயர்கள் அல்ல. ஆறுகளுள் லங்காட்டுக்கு வாய்த்த புகழ் கிந்தாவுக்குத் தமிழில் இன்னும் வாய்க்கவில்லை.

கருப்பொருளுக்குப் பஞ்சமா? மலாய்ச் சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திருத்தி, ஈயச் சுரங்கத்தை 'லம்பம்' என்றும் மலாய்க்காரர் சிற்றூரைக் 'கம்பம்' என்றும் வழங்கியவர் நம் மக்கள். விடியுமுன் பெரட்டுக்குக் கூடிய களம், பால்மரத்தில் கட்டிய மங்கு, தோளில் சுமந்த காண்டா, பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகை என ஒவ்வொன்றும் ஒரு வாழ்க்கையைக் காட்டும் சொல். லம்பமும் தோட்டமும் அடுத்தடுத்து அமைந்தமை கிந்தாவின் தனித்தன்மை. தஞ்சோங் துவாலாங்கில் 1938-ஆம் ஆண்டில் கட்டிய ஈயக் கப்பல் இன்று காட்சிப் பொருளாய் நிற்கிறது. மிதந்தபடியே மண்ணை அகழ்ந்த அதன் ஓசை கேட்டு உறங்கிய தலைமுறை இன்னும் முற்றும் மறையவில்லை.

போர் வரலாறு ஒன்றையும் இங்கே நினைக்கலாம். 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 30 முதல் 1942-ஆம் ஆண்டு ஜனவரி 2 வரை காம்பாரில் ஜப்பானியரை எதிர்த்து இந்தியச் சிப்பாய்களும் ஆங்கிலேயப் படையினரும் நின்று போரிட்டனர். அப்போரை எழுதிய வரலாற்றாசிரியர்கள் பச்சை முகடு, தாம்சன் முகடு என்று காம்பாரின் மேடுகளையெல்லாம் பெயர் சொல்லி எழுதுகின்றனர். நான்கு நாள் தங்கிய படைக்கு ஒவ்வொரு மேட்டின் பெயரும் தேவைப்பட்டது. தலைமுறை தலைமுறையாய்த் தங்கிய நமக்கு ஒரு மேட்டின் பெயரும் தேவைப்படவில்லை. இது நகரம் செய்த குறையன்று. நாமே செய்துகொண்ட குறை.

இரண்டு எச்சரிக்கைகள்

வட்டார இலக்கியம் என்பது ஊர்ப்பெருமை பேசுவதன்று. 'எங்கள் ஊரைப் போல் உண்டா' என்று தொடங்கும் கதை, 'நகரத்தைப் போல் உண்டா' என்று தொடங்கும் கதையைவிட எவ்வகையிலும் சிறந்ததன்று. இரண்டும் ஒப்பிட்டே வாழ்கின்றன. ஊரின் சாதிப் பூசலையும் கள்ளுக்கடைச் சீரழிவையும் மறைத்து அழகை மட்டும் காட்டுவது, நிலத்தைக் காட்டுவதாகாது, திரை கட்டுவதாகும்.

வட்டாரச் சொற்களை அள்ளித் தூவுவதும் வட்டார இலக்கியம் ஆகாது. பெரட்டு, மங்கு, காண்டா என்று பத்துச் சொற்களைப் பொறுக்கிக் கதைமாந்தர் வாயில் வைத்துவிட்டால் தோட்டம் உருவாகிவிடாது. மழை பெய்த காலையில் மரம் சீவ இயலாமற் போனால் அன்றைய கூலி என்னாகும், அவ்வீட்டில் அன்று என்ன பேச்சு நடக்கும் என்பதை எழுதுபவன் அறிந்திருக்க வேண்டும். தொழில் தெரிந்தவனுக்கே சொல் கட்டுப்படும். கரிசல் எழுத்தின் வெற்றி அதன் சொற்களில் மட்டும் இல்லை. அச்சொற்களுக்குப் பின்னே நிற்கும் வேளாண்மை அறிவில் உள்ளது.

வகுப்பறையில் தொடங்குவது

இதனை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? தோட்டங்கள் மறைகின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனை போய்ப் பல இடங்களில் வீடமைப்பு வந்தது. லயங்கள் இடிக்கப்பட்டு மக்கள் சிதறினர். பல இடங்களில் தோட்டத்தின் பெயரைத் தாங்கி எஞ்சியிருப்பது தமிழ்ப்பள்ளி ஒன்றே. வேறிடத்திற்கு மாற்றப்பட்ட பின்னரும் சில பள்ளிகள் அப்பெயரை விடவில்லை. பள்ளியின் பெயர்ப்பலகையில் உள்ள தோட்டம் எங்கே இருந்தது என்று கேட்டால் மாணவன் விழிக்கிறான். அவன் பாட்டி அங்கே பிறந்திருப்பாள்.

அதே மாணவனிடம் 'என் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் என்ன எழுதுகிறான்? பச்சைப் பசேலென்ற வயல்களையும் சலசலக்கும் ஓடையையும் எழுதுகிறான். சன்னலுக்கு வெளியே அவன் காண்பது லம்பக் குட்டையும் சுண்ணாம்புக் குன்றும் செம்பனை நிரையும். கண்டதை எழுதினால் மதிப்பெண் குறையும் என்று அஞ்சி, காணாததை மனப்பாடம் செய்து எழுதுகிறான். மாதிரிக் கட்டுரையை அவனுக்குக் கொடுத்தது பள்ளியே. பின்னாளில் அவன் கதை எழுத வந்தால், பெயரில்லாத் தோட்டத்திலிருந்து பெயர்பெற்ற நகரத்துக்குப் பேருந்தேறுவதன்றி வேறென்ன எழுதுவான்? நகரத்தின் நிழல் முதன்முதலில் விழுவது அவன் கட்டுரை ஏட்டில்தான்.

ஆதலின், இந்நிழலை நீக்கும் பணி நகரத்தாரிடம் முறையிடுவதால் நிறைவேறாது. ஈப்போ பெருநகராய் இருப்பது ஈப்போவின் குற்றமன்று. தமிழாசிரியர்கள் தம் மாணவரைத் தாத்தா பாட்டியரிடம் அனுப்பித் தோட்டத்தின் பெயரையும், மக்கள் அதற்கு இட்ட பெயரையும், நிரையின் பெயரையும், ஆற்றின் பெயரையும் கேட்டெழுதச் சொல்லலாம். நாட்டின் எந்தச் சிறிய ஊரிலும் செலவின்றி நடைபெறக்கூடிய ஆராய்ச்சி இது. பெயர் சொல்வோர் வாழும் காலத்திலேயே செய்ய வேண்டிய ஆராய்ச்சியும் இதுவே. திறனாய்வாளர்களும் ஒரு கதையை எடைபோடும்போது, கருத்து உயர்ந்ததா, நடை செவ்வியதா என்று கேட்பதோடு, 'இக்கதை வேறோர் ஊரில் நடந்திருக்க முடியுமா?' என்னும் வினாவையும் கேட்டுப் பழகலாம். முடியும் என்றால் அக்கதைக்கு இன்னும் ஊர் அமையவில்லை என்பதே பொருள்.

ஞாயிறு மலரின் கதை முடிவில் 'காம்பார்' என்று அச்சிடுவது அஞ்சல் முகவரி. அச்சொல் கதையின் நடுவே, வேறெந்த ஊரும் நிற்க முடியாத இடத்தில் வந்து நிற்கும் நாளே, அவ்வூர் தமிழிலக்கியத்தில் குடியேறிய நாள்.